ஆச்சு என்றால் ஆச்சு

லோவெல் கிரெஸ் படுக்கையும் சமையலறையும் கொண்ட தன் வீட்டு வண்டியை எங்கள் சுற்றுலா முகாமுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தபோது அதன் பின்னால் புகை வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. பகோசா என்ற ஊரிலிருந்து நூறு மைல் தூரம், கடந்துபோன அத்தனை பேரும் ஹாரன் அடித்திருக்கிறார்கள், கையை ஆட்டியிருக்கிறார்கள், ஒரு லாரிக்காரர் ஜன்னலை இறக்கிக் கத்தியே பார்த்திருக்கிறார். லோவெல் எல்லோருக்கும் பதிலுக்குக் கையசைத்தார். வீட்டு வண்டிக்காரர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சாலையில் ஒருவரையொருவர் கண்டால் கையை உயர்த்தவேண்டும், ஏதோ ஒரே படைப்பிரிவில் போருக்குப் போய் வந்தவர்கள் மாதிரி. பாதிப் பேர் போய் வந்தது புளோரிடாவுக்கு.

நான் அந்த முகாமின் பொறுப்பாளன். பெயர் ராய்ஸ், வயது ஐம்பத்தாறு. கோடை முழுக்க நான் குடியிருக்கும் டிரெய்லரை அங்கே இலவசமாக நிறுத்திக்கொள்ளலாம். பதிலுக்கு அடுப்புக் குழிகளில் சாம்பல் வாரவேண்டும், கழிப்பறையில் காகிதம் வைக்கவேண்டும், சொர்க்கத்தைத் தேடி வந்தவர்கள் பக்கத்து இடத்துக்காரனின் ஜெனரேட்டர் சத்தம் பற்றிப் புகார் சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்கவேண்டும். மலைமேட்டின் அடிவாரத்தில் முப்பது இடங்கள். மேலே, தேசியப் பூங்காவுக்குள், எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஜனங்கள் பாறை இடுக்கில் கட்டிய வீடுகள். அவற்றைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். பார்த்துவிட்டு வந்து, "தண்ணி வசதி இல்லாம எப்படித்தான் இருந்தாங்களோ" என்று ஆச்சரியப்படுவார்கள். பிறகு என்னிடம் வந்து குளியலறையில் வெந்நீர் பத்தவில்லை என்பார்கள்.

முகாமுக்குள் திரும்பும் வளைவில் ஒரு ஜூனிப்பர் மரக் கிளை தாழ்வாக நிற்கிறது. அதை வெட்டவேண்டும் என்று முதலாளியம்மாவிடம் மூன்று வருஷமாகச் சொல்கிறேன். "இயற்கையைப் பாக்கத்தான ராய்ஸ் வர்றாங்க" என்பாள். லோவெலின் வண்டி கிளைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் நுழைந்து பன்னிரண்டாம் இடத்தின் முன் நின்றது. முப்பத்தெட்டு அடி வண்டி. பின்னால் இரும்புச் சட்டத்தில் பூட்டி இழுத்து வந்த சின்னக் கார். புகை அந்தக் காரிலிருந்துதான்.

பக்கத்து இடத்துக்காரர்கள் ஏற்கெனவே நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வீட்டு வண்டியைப் பின்னால் எடுத்து இடத்தில் செருகுவதைப் பார்ப்பதுதான் முகாம்களில் மாலை நேரப் பொழுதுபோக்கு. கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள், இருவரும் கத்திக்கொள்வார்கள். எத்தனையோ கல்யாணங்கள் முறிகிற சத்தத்தை நான் அங்கே கேட்டிருக்கிறேன். என்னுடையதும் வேறொரு முகாமில் அப்படித்தான் முறிய ஆரம்பித்தது.

ஒரு பெண்மணி இறங்கினாள். எழுபதைத் தாண்டியவள், வெள்ளை முடியை ஒட்ட வெட்டி, கழுத்தில் ஒரு விசில் தொங்கவிட்டிருந்தாள். புகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரோ கறி சுடுறாங்க போலிருக்கே" என்றாள்.

"அது உங்க காரும்மா."

"அப்படியா!" என்றாள், நான் ஏதோ நல்ல செய்தி சொன்னதுபோல. "லோவெல்! நம்ம கார்ல யாரோ கறி சுடுறாங்களாம்!"

லோவெல் இறங்கினார். நெட்டையானவர், தோய்த்துத் தேய்த்த காக்கிச் சட்டை, பாக்கெட்டில் நான்கு பேனா. காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். எரிந்த எண்ணெய் நாற்றம் நாற்காலிக்காரர்கள்வரை போக, அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே கவனித்தார்கள். லோவெல் நிமிர்ந்து, எனக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை எதுவும் தனக்கு இல்லை என்கிற குரலில் சொன்னார்:

"சாத்தியமில்ல. எல்லாம் சரிபாத்தாச்சு."

பிறகு வண்டிக்குள்ளிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். அப்படியே கொடுத்துவிட்டார்; எனக்கென்று ஒரு பிரதி. பதினொரு மாநிலங்களில் முகாம் முகாமாக அதை அவர் விநியோகித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நெப்ராஸ்காவில் முப்பத்தோரு வருஷம் தானியக் கிடங்குகளைச் சோதனை போட்ட பாதுகாப்பு ஆய்வாளர் அவர். தாளில் நாற்பத்தோரு வரிகள். புறப்படும்முன் ஒருவர் வாசிக்கவேண்டும், மற்றவர் செய்துவிட்டு "ஆச்சு" என்று சொல்லவேண்டும். தண்ணீர்க் குழாய் கழற்றியது, ஆச்சு. ஆன்டெனா இறக்கியது, ஆச்சு. கார் நியூட்ரலில், ஆச்சு. கீழே, கொட்டை எழுத்தில், முதன்மை விதி: ஆச்சு என்றால் ஆச்சு. சொன்னவரைச் சந்தேகித்து மறுபடி பார்ப்பது கூடாது.

"இருபத்தாறு வருஷம், தம்பி. ஒரு விபத்து கிடையாது. ஒரு கீறல் கிடையாது. ஏன்னா நம்பிக்கை. புருஷன் பொஞ்சாதிக்குள்ள மொதல்ல வேண்டியது அது. வேணும்னா உன் டிரெய்லர் கதவுல ஒட்டிக்க."

"எனக்குப் பொஞ்சாதி இல்ல சார்."

"பாத்தியா" என்றார்.

நான் போன் செய்ததும் பக்கத்து ஊரான கார்டெஸிலிருந்து எலாய் தன் இழுவை லாரியுடன் வந்தான். பத்து வருஷமாக எனக்குத் தெரிந்தவன், எதற்கும் ஆச்சரியப்படமாட்டான். காரின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டான், வெளியே எடுத்தான்.

"கியர்ல கெடக்கு" என்றான். "நூறு மைலும் கியர்லயே இழுத்துட்டு வந்திருக்கீங்க. உள்ள எல்லாம் வெந்து கொழம்பாயிருச்சு பெரியவரே."

"லிவர் தானா விழுந்திருக்கும்."

"லிவர் தானா விழாது."

"அப்ப கார் கம்பெனிக்காரன் செஞ்ச கோளாறு."

அவர் மனைவி ஆர்டிஸ் எங்கள் நடுவில் வந்து நின்றாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "நான் ஆச்சுன்னு சொன்னேனே லோவெல். சொன்னேன்ல?"

"சொன்னே கண்ணு."

"நியூட்ரல்னு நீ வாசிச்சே. நான் ஆச்சுன்னேன்."

"ஆமா. அப்ப ஆச்சுதான்." அவர் எலாயின் பக்கம் திரும்பினார். "கேட்டீல்ல? லிவர் தானா விழுந்திருக்கு. எழுதிக்க."

எலாய் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டு காரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். போகும்போது என் காதருகில், "பின் காமிரா வச்ச வண்டிய்யா அது, பொகைகூடத் தெரியலையா இந்தாளுக்கு" என்று முணுமுணுத்தான்.

அதற்கும் பதில் இருந்தது. மின்சார இணைப்பைக் காட்ட நான் உள்ளே ஏறியபோது பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் பின்புறத்தைக் காட்டும் திரை இருந்தது. அதன்மேல் மஞ்சள் துண்டுக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. பலகையில் எழுதிப் பழகிய உருண்டை எழுத்து: நாம் பாறை வீட்டுக்குப் போகிறோம். மறுபடி லோவெலைக் கேட்காதே.

லோவெல் நான் வாசிப்பதைக் கவனித்தார். "அவளுக்கு அங்க ஒட்டினாத்தான் கண்ணுல படுது" என்றார்.

அன்று மாலை ஆர்டிஸ் என் டிரெய்லருக்கு வந்தாள். கையில் ஒரு தட்டில் சோளரொட்டி. படியில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள். நெப்ராஸ்காவில் கியர்னி என்ற ஊரில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள். இருபத்தொன்பது வருஷம், ஒவ்வொரு அக்டோபரிலும் பாறை வீடுகள் பாடம். பிள்ளைகள் வீட்டிலிருந்து செருப்புப் பெட்டி கொண்டுவரவேண்டும். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தால் குகை. உள்ளே களிமண்ணில் சுவர்கள், கோபுரங்கள், ஐஸ் குச்சியில் ஏணி. இருபத்தொன்பது வருஷத்தில் எழுநூறு பெட்டிக்குமேல் மதிப்பெண் போட்டிருக்கிறாள்.

"நெசமானத ஒரு தடவகூடப் பாத்ததில்ல" என்றாள். "ஒவ்வொரு வருஷமும் ஏதாவது தடை. அவனுக்கு வேலை, எனக்கு வேலை. பசங்க கேப்பாங்க, டீச்சர் நீங்க பாத்திருக்கீங்களான்னு. பாத்திருக்கேன்னு பொய் சொல்லுவேன். நாளைக்குப் போய்ட்டு வந்தா பொய் உண்மையாயிரும், பாரு."

அந்த ஐந்து நிமிஷமும் அவள் தெளிவாக இருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை. பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு என்னைக் கண்டிப்பாகப் பார்த்தாள்.

"ராண்டி, நீ இன்னும் பெட்டி கொண்டாரலையே."

"நாளைக்குக் கொண்டாரேன் டீச்சர்" என்றேன். வேறென்ன சொல்வது?

அவளைத் தேடி லோவெல் வந்தார். அவள் தன் வண்டிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். இடம் மாறி பதினாலாம் எண் வண்டியின் கதவைத் திறக்கப் போனாள், அங்கிருந்த ஓஹியோக்காரர் சிரித்துக்கொண்டே கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டார். லோவெல் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு டிக்கெட். பூங்கா ரேஞ்சர் கூட்டிட்டுப் போய் பாறை வீட்டுக்குள்ள எறக்கிக் காட்டுவாங்க. பதினாலு நாளுக்கு முன்னாடி காலையில ரெண்டு போன வச்சுக்கிட்டு உக்காந்து வாங்கினேன். மூணு நிமிஷத்துல தீந்து போச்சு. அடுத்தது எப்பக் கெடைக்கும்னு தெரியாது."

"இந்த வண்டி அந்த மலைப்பாதையில..."

"ஏத்தமாட்டேன். ஒரு பக்கம் பூரா பள்ளம். அதுக்குத்தான் கார்." தொண்டையைச் செருமினார். "அவ நிலைமையப் பத்தி டாக்டர் மார்ச்லயே சொல்லிட்டார். ஏதாவது காட்டணும்னு இருந்தா இந்தக் கோடைக்குள்ள காட்டிருங்கன்னார். அதுக்கப்புறம் காட்டினா, காட்டறது நமக்குத்தான், அவங்களுக்கு இல்லன்னார்." நோயின் பெயரை அவர் சொல்லவே இல்லை. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'நிலைமை'தான்.

"நான் கூட்டிட்டுப் போறேன் சார். என் பிக்கப் வண்டியில மூணு பேர் உக்காரலாம்."

"சீட் பெல்ட் மூணு இருக்கா?"

"இருக்கு."

"சரிபாத்தியா?"

மறுநாள் காலை மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து மேலே ஏறினோம். பழைய தீயில் கருகிய மரங்கள் மலைச்சரிவு முழுக்கக் குச்சி குச்சியாக நின்றன. ஆர்டிஸ் நடுவில். லோவெல் ஒவ்வொரு வளைவிலும் என் வேகத்தை வாசித்தார். அவள் ஒன்பது தடவை எங்கே போகிறோம் என்று கேட்டாள். ஒன்பது தடவையும் அவர் "பாறை வீட்டுக்குக் கண்ணு" என்றார், முதல் தடவை சொல்கிற அதே குரலில். இதை நான் எண்ணினேன், ஏனென்றால் நானாக இருந்தால் நான்காவது தடவையே கத்தியிருப்பேன். அந்த மனிதரைப் பற்றி அதுவரை மனதுக்குள் செய்துவைத்திருந்த கேலியில் பாதியை அந்தப் பாதையில் கீழே போட்டுவிட்டேன். மீதிப் பாதியை அவர் சீக்கிரமே நியாயப்படுத்தினார். மேலே போனதும் ரேஞ்சரிடம் தன் லேமினேட் தாளைக் கொடுத்தார்.

ரேஞ்சர் கார்லீன் எரியாச்சோ ஜூனி என்ற பழங்குடி ஊர்க்காரி. நாற்பது வயதிருக்கும், தொப்பி நேராக, முகம் அதைவிட நேராக. தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி, ஏணிக்கு ஒரு வரி சேத்துக்கறேன்" என்றாள். பிறகு இருபத்தைந்து பேரையும் வரிசையில் நிறுத்தி எச்சரிக்கை சொன்னாள். நூற்றிருபது படி, கல்லில் வெட்டினது. ஏறுவதற்கு ஏணிகள். இருதயம் பலவீனம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், கீழே வந்து சொன்னால் தூக்க ஆள் கிடையாது.

பீனிக்ஸிலிருந்து வந்த ஒருவர், விலையுயர்ந்த தோல் தொப்பி போட்டவர், கையைத் தூக்கினார். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். "இவ்வளவு பெரிய நாகரிகம், ஒரே நாள்ல மாயமா மறைஞ்சு போயிருக்கு. அதோட ரகசியத்த நீங்க என்னன்னு நெனைக்கிறீங்க?"

"ரகசியம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள் கார்லீன். "மழை பெய்யல, சண்டை சச்சரவு, கெளம்பிட்டாங்க. மறையவெல்லாம் இல்ல. கெளம்பினவங்க வம்சந்தான் நான். தெக்கால ஒரு நாலு மணி நேரம் ஓட்டினா எங்க சித்தி வீடு. இன்னிக்கு ரொட்டி சுடுவா. மாயமா மறைஞ்சவங்க ரொட்டிய நீங்களே போய்த் தின்னு பாக்கலாம்."

நான் சிரித்தேன். லோவெல் சிரிக்கவில்லை, அவர் ஆர்டிஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பார்வை முனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். இன்னொரு கையில் காமிரா. பாறை விளிம்பில் கம்பித் தடுப்பு. அங்கே நின்றால் எதிரே தெரியும்: மலையின் வாய் திறந்ததுபோல ஒரு பெரிய குகை, அதற்குள் நூற்றைம்பது அறை, சதுரக் கோபுரம், உருண்டைக் கோபுரம், வட்டக் குழிகள், எல்லாம் காலை வெயிலில் வெந்த ரொட்டி நிறத்தில். நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நூறு தடவையும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நான் காட்டக்கூடிய பெரிய மரியாதை அது.

ஆர்டிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோவெல் பாறை வீட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காமிராவையும் அவள் பக்கமே திருப்பி வைத்திருந்தார்.

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு மெல்லச் சிரித்தாள். லோவெல் காமிராவின் பொத்தானை அழுத்தினார்.

"இது நல்லா வந்திருக்கு" என்றாள். "யாரு செஞ்சது?"

"யாரு... பழைய ஜனங்க, கண்ணு. இதான் அது. நெசமானது."

"நெசம் மாதிரியேதான் இருக்கு. அதான் சொல்றேன்." அவள் விரலை நீட்டினாள். "அந்தக் கோபுரம் கொஞ்சம் சாஞ்சிருக்கு, பரவால்ல. சுவரெல்லாம் வழவழன்னு தேச்சிருக்கு. பெரியவங்க யாரோ கை குடுத்திருக்காங்க, ஒம்பது வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு வராது." குனிந்து கம்பிக்குக் கீழே எதையோ தேடினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். முகம் சுருங்கியது. "பேர் எழுதலையே."

"ஆர்டிஸ்."

"பேர் எழுதாம குடுத்தா மார்க் கெடையாதுன்னு எத்தன தடவ சொல்றது? அடியில எழுதணும். பேரு, வகுப்பு, தேதி."

"ஆர்டிஸ், என்னைப் பாரு. இது பெட்டி இல்ல. மலை. நீ இருபத்தொம்பது வருஷம் பாடம் எடுத்தியே, அந்த எடம். நாம வந்துட்டோம்."

அவள் அவரை மிகுந்த பொறுமையோடு பார்த்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்ப்பதுபோல. "கத்தாத. மத்தவங்க எழுதிட்டிருக்காங்க."

கூட்டம் படி இறங்கத் தயாரானது. கார்லீன் வந்து நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தொப்பிக்காரர் ஒரு பக்கமிருந்து இன்னொரு கேள்வி கேட்டார், அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"பேர் எழுத மறந்துட்டாங்க மேடம்" என்றாள். "எங்க வீட்டுப் பிள்ளைங்கதான். நான் சொல்லிடறேன்."

"சொல்லு. நல்ல பிள்ளைங்க, ஆனா அவசரம். பேருக்குப் பத்து மார்க் கழிச்சிருக்கேன்னு சொல்லு. தொண்ணூறு."

"தொண்ணூறு நல்ல மார்க்குங்க."

"கீழ எறங்கிப் பாக்கலாம் வா" என்றார் லோவெல். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். "டிக்கெட் இருக்கு. உள்ளயே போகலாம், கிட்டத்துல பாத்தா உனக்கு..."

ஆர்டிஸ் இரண்டடி பின்வாங்கினாள். அவர் கையை உதறினாள். "பெட்டிக்குள்ள எப்படிப் போறது? ஒடைஞ்சிரும்! பிள்ளைங்க பாடுபட்டுச் செஞ்சது. யாருய்யா நீ, கிறுக்கா உனக்கு?"

ரேஞ்சர் அவர்கள் இருவரின் டிக்கெட்டுகளைக் கேட்கவில்லை. கூட்டம் இறங்கிப்போனது. படியில் அவர்களின் காலடிச் சத்தமும் தோல் தொப்பிக்காரரின் மூச்சு வாங்கலும் கேட்டன. நாங்கள் மூன்று பேர் மேலே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆர்டிஸ் தூரத்தில் ஒரு நீலப் பறவையை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோவெல் இரண்டு டிக்கெட்டையும் சரியாக நடுவில் மடித்தார், இன்னும் ஒரு தடவை மடித்தார்.

"ரெண்டு வருஷமா" என்றார், "அவ ஆச்சுன்னு சொன்னதுக்கப்புறம் நான் போய்ப் பாத்துருவேன், தம்பி. கண்ணாடிய விட்டுட்டேன், தொப்பிய விட்டுட்டேன்னு ஏதாவது சொல்லிட்டு எறங்குவேன். பாதி ஆகியிருக்காது. நான் ஆக்கிட்டு வந்து உக்காந்துக்குவேன். அவளுக்குத் தெரியாது."

அவர் டிக்கெட்டின் மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

"நேத்து பகோசாவுலயும் எறங்கப் போனேன். கண்ணாடிய விட்டுட்டேன்னேன். அவ சிரிச்சுக்கிட்டே, 'லோவெல், அது உன் மூக்கு மேலயே இருக்கு, உனக்குத்தான் மறதி வந்துருச்சு'ன்னா. அவ்வளவு தெளிவா இருந்தா. பழைய ஆர்டிஸ். ஒரு வருஷமா நான் அவளப் பாக்கல. அந்த நேரத்துல எறங்கிப் போய்ச் சரிபாத்தா என்ன அர்த்தம், சொல்லு. உக்காந்துட்டேன். ஒரே ஒரு நாள் அவ சொன்னத நம்பிப் பாக்கலாம்னு உக்காந்துட்டேன்."

என்னைப்போன்ற நையாண்டிக்காரனுக்கு இப்படிப்பட்ட இடத்தில் வாய் இருப்பதே தொந்தரவு.

ஆர்டிஸ் பறவையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது. அவர் தோளில் கைவைத்தாள்.

"லோவெல், எப்பப் போறோம் பாறை வீட்டுக்கு?"

அவர் எதிரே பார்த்தார். குகைக்குள் கூட்டம் எறும்புபோல ஊர்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்குக் கண்ணு" என்றார்.

மறுநாள் காலை அவர்கள் புறப்பட்டார்கள். காரை எலாயிடமே கொடுத்துவிட்டார், உதிரி பாகத்துக்கு. நான் பதினோராம் இடத்தில் சாம்பல் வாரிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்ததால் இருவரின் குரலும் கேட்டன. லோவெல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பட்டியலை வாசித்தார். ஆர்டிஸ் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டு, வருகைப் பதிவேட்டுக்குப் பதில் சொல்லும் பிள்ளைபோலக் கணீரென்று சொன்னாள்.

"தண்ணிக் குழாய்?"

"ஆச்சு!"

"கரண்ட் கம்பி?"

"ஆச்சு!"

இரண்டையும் நான் ஏற்கெனவே கழற்றிச் சுருட்டி வைத்திருந்தேன். கார் பற்றிய வரிகள் வந்தபோது நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. பின்னால் இரும்புச் சட்டம் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது.

"கார் சட்டத்துல பூட்டினது?"

"ஆச்சு!"

"கார் நியூட்ரல்ல?"

"ஆச்சு, லோவெல்!"

"ஆன்டெனா எறக்கினது?"

"ஆச்சு!"

நான் நிமிர்ந்தேன். வண்டியின் கூரைமேல் டிவி ஆன்டெனா சிறகை விரித்த வௌவால்போல நான்கடி உயரத்துக்கு நின்றது. வண்டிக்குள் ஒரு கைப்பிடியைச் சுற்றி இறக்கவேண்டியது. வெளியிலிருந்து என்னால் எதுவும் செய்யமுடியாது. சாம்பல் வாளியை வைத்துவிட்டு ஓட்டுநர் ஜன்னலுக்குப் போனேன். ஆர்டிஸ் அவர் பக்கத்து இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றேன் மெதுவாக, கண்ணால் மேலே காட்டி. "கண்ணாடிய எங்கயோ விட்டுட்டீங்க போலிருக்கே. எறங்கிப் பாக்குறீங்களா?"

லோவெலுக்குப் புரிந்தது. கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. அதைக் கழற்றினார், மடித்தார், நான்கு பேனாவுக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இங்கதான் இருக்கு தம்பி."

"வளைவுல கெளை இருக்கு சார்."

"தெரியும். வரும்போதே பாத்தேன்." சாவியைத் திருகினார். "அவ ஆச்சுன்னு சொல்லிட்டா."

"எங்க போறோம் லோவெல்?" என்றாள் ஆர்டிஸ்.

அவர் திரைமேல் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவள் குனிந்து அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். வாசித்து முடித்ததும் கைதட்டினாள்.

வண்டி நகர்ந்தது. நான் பின்னாலேயே பத்தடி நடந்தேன், பிறகு நின்றேன். பதினாலாம் இடத்து ஓஹியோக்காரர் கையைத் தூக்கி மேலே காட்டி என்னவோ கத்தினார். லோவெல் அவருக்குக் கையசைத்தார். ஜூனிப்பர் கிளை ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டது. தகரம் மடிகிற சத்தம், பிறகு ஏதோ முறிகிற சத்தம், கூரை மேலே நெடுக ஒரு கீறல் சத்தம். பிரேக் விளக்கு எரியவில்லை. ஒரு சிறகு கம்பியில் தொங்கி வண்டியின் பின்கண்ணாடியில் தட்டிக்கொண்டே போனது. சாலையில் ஏறுமுன் ஜன்னலுக்கு வெளியே அவர் கை ஒரு தடவை உயர்ந்தது.

நானும் கையை உயர்த்தினேன். வழக்கம். கூரையில் அப்படி ஒன்று தொங்கிக்கொண்டு போனால், வழியெல்லாம் அவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்க, கையசைக்க ஆள் இருந்துகொண்டே இருக்கும்.